சிபிலின் வாய்

எங்கள் பட்டறையில் புத்தகத் தோலில் படம் போடும்போது முகத்தைக் கடைசியில்தான் தீட்டுவோம். முதலில் தங்க ரேக்கை ஒட்டி, கோலில் கட்டிய நாய்ப்பல்லால் கண் கூசும்வரை தேய்க்க வேண்டும். பிறகு வானம், மரம், துணிமணி. ஆடைக்கு மடிப்பு விழுந்து, கைக்கு விரல் வந்து, எல்லாம் முடிந்த பிறகு நடுவில் வெறும் தோலாக ஒரு வட்டம் மிச்சம் இருக்கும். அந்த வட்டம் என்னுடையது. என் புருஷன் ஜில் எழுத்துக்காரர். அவர் எழுதி முடித்த பக்கங்களில் படம் போடுகிறவள் நான். படம் போடுவதும் ஜில்தான் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அந்த வருஷம் குளிர் தொடங்கும்போது என் மேசையில் காத்துக் கிடந்த வட்டம் ஒரு சிபிலின் முகம். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே அவர் வருவதைச் சொன்ன புறமதத்துத் தீர்க்கதரிசினி அவள். ரோமாபுரி ராஜா, தன்னைவிடப் பெரியவன் உலகத்தில் உண்டா என்று அவளிடம் கேட்டானாம். அவள் விரலை நீட்டி, மேலே பார் என்றாளாம். வானத்தில் மாதாவும் மடியில் குழந்தையும் தெரிய, ராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டு மண்டியிட்டானாம். எனக்கு ரொம்பப் பிடித்த கதை. ஒரு பெண் விரலை நீட்ட, ஒரு ராஜா முழங்கால் போடுவது வேறு எந்தப் புத்தகத்தில் வருகிறது?

புத்தகத்தைச் செய்யச் சொன்னவர் கெரிக் சாமியார். பேராலயத்துக் குருமார் சபையில் ஒருவர். கோவில் களஞ்சியமும் கோவில் வீடுகளும் அவர் பொறுப்பில் இருந்தன. நாங்கள் குடியிருந்ததும் கோவில் வீடுதான். சபைத் தலைவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவருடைய நாற்காலிமேல் கெரிக் சாமியாருக்கு ஒரு கண். கிறிஸ்துமஸுக்கு ஆயர் வரும்போது உலக வரலாறு முழுவதும் தங்கத்தோடு மின்னும் ஒரு புத்தகத்தை அவர் கையில் கொடுத்தால், மீதியை ஆயர் புரிந்துகொள்வார் என்பது கணக்கு.

சிபில் படம் வரும் இடம் ஒரே தோலின் நடுமடிப்பு. இடப்பக்கம் சிபிலும் ராஜாவும். வலப்பக்கம் புத்தகத்தை ஏந்தி மண்டியிட்டிருக்கும் கெரிக் சாமியார். இதில் அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. அவள் நிற்கிறாள், அவர் மண்டியிட்டிருக்கிறார். புறமதத்துப் பெண்ணின் தலைக்குக் கீழே தன் தலை இருக்கக் கூடாது, இரண்டும் ஒரே மட்டத்தில் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். எனக்கென்ன வந்தது? எங்கள் வழக்கப்படி தோலை மடித்து, இரண்டு பக்கமும் சேர்ந்து துளை விழும்படி ஊசியால் குத்தினேன். அந்தத் துளை இடப்பக்கத்தில் சிபிலின் தலைக்கு மட்டம், வலப்பக்கத்தில் சாமியாரின் தலைக்கு மட்டம். மண்டியிட்டபடியே அந்த உயரம் வருவதற்காக அவரைப் பெரிதாக்கி, முழங்காலுக்கடியில் பட்டு மெத்தையும் போட்டேன். அந்தப் படத்தில் அவர் எழுந்து நின்றால் கூரையில் முட்டிக்கொள்வார்.

அதற்கும் மேலே, சிபில் படத்தின் ஓரத்தில் அவரே ஈயக்குச்சியால் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். படம் போடுகிறவர்களுக்காக அப்படி எழுதுவது வழக்கம்தான். புத்தகம் கட்டும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடுவார்கள். அவர் எழுதியிருந்தது இதுதான்: பெண்ணின் வாய் மூடியிருக்க வேண்டும்.

அதைப் படித்ததும் எனக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் என் அக்கா ஹெல்வித்தின் வாயை மூடியவரும் அவரேதான்.

ஹெல்வித் பெகின் வீட்டில் இருப்பவள். மடத்துக் கன்னியும் இல்லை, கல்யாணமானவளும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரு கூரையின் கீழ் ஜெபம் செய்துகொண்டு, துணி நெய்து, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, தங்கள் ரொட்டியைத் தாங்களே சம்பாதித்துச் சாப்பிடுகிறார்கள். அக்காவுக்குப் படிக்கத் தெரியும். அதைவிட முக்கியம், பேசத் தெரியும். போன வருஷம் மழை ஓயாமல் பெய்து கோதுமை கதிரிலேயே அழுகிப்போனது. வசந்தம் வருவதற்குள் ஜனங்கள் மரப்பட்டையை இடித்து மாவில் கலக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோவில் களஞ்சியம் மட்டும் நிரம்பியிருந்தது, பூட்டியும் இருந்தது. விலை இன்னும் ஏறட்டும் என்று கெரிக் சாமியார் காத்திருந்தார். ஒரு நாள் ஆற்றங்கரைத் துவைதுறையில், ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், ஹெல்வித் ஈரத் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: அவர்களாகக் களஞ்சியத்தைத் திறக்காவிட்டால், அது தானாகத் திறந்துகொள்ளும்.

அந்த மாதமே மியூஸ் ஆறு பெருகி, களஞ்சியத்தின் ஆற்றுப்பக்கத்துச் சுவர் விழுந்தது. கோதுமை வெளியே வந்தது. ஜனங்கள் முந்தானையிலும் கூடையிலும் தொப்பியிலும் அள்ளிக்கொண்டு போனார்கள். நாங்களும் அள்ளினோம். எதற்கு மறைக்க வேண்டும்?

எப்படிக்கா தெரிந்தது என்று நான் கேட்டேன். சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தது, துணி துவைக்கப் போகிறவள் நிமிர்ந்து பார்த்தால் தெரியாதா என்றாள். கெரிக் சாமியாருக்கு அது போதவில்லை. பேய் பேசுகிறது என்றார். பிரசங்க மேடையில் ஏறி, ஹெல்வித் பொது இடத்தில் ஒரு வார்த்தை பேசினாலும் அன்றைக்கே ஊரைவிட்டு வெளியேற்றப்படுவாள் என்று வாசித்தார். தனியாக ஒரு பெண் ஊர் வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டால் என்ன ஆவாள் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அன்றிலிருந்து அக்கா துவைதுறைக்கு வருவாள், துவைப்பாள், போவாள். எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைப்பாள். அவள் சொல்லால் கிடைத்த கோதுமையைத் தின்றவர்களே அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களைக் கண்டால் எனக்கு அடுப்புக் கட்டையை எடுத்து வீசலாம் போல இருக்கும்.

ஓரக்குறிப்பைப் படித்த அன்றே கொஞ்சம் பட்டாணிச் சூப்பை எடுத்துக்கொண்டு பெகின் வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பேசலாம். தறியின் முன்னால் உட்கார்ந்தபடியே கதையைக் கேட்டுவிட்டு அக்கா சிரித்தாள்.

"யாரு, கெரிக்கா? செத்துப்போன தீர்க்கதரிசிக்குமா வாய்ப்பூட்டு?"

"அப்படித்தான் எழுதியிருக்காரு அக்கா."

"அப்ப ராஜாகிட்ட எதால சொன்னாளாம்? மூக்காலயா?" தறியில் நூல் ஓடும் நாடாவை ஒரு தட்டுத் தட்டினாள். "கிறிஸ்துமஸுக்குக் கோவில் வாசல்ல சிபில் பாட்டப் பாடுறது யாருடி? பாடகர் கூட்டத்துல ஒருத்தன் பொம்பள முக்காட்டப் போட்டுக்கிட்டு வந்து பாடுறான். அவன் பாடினா தெய்வ வாக்கு. நான் பேசினா பேய்."

உன் முகத்தைத்தான் அந்தச் சிபிலுக்கு வைக்கப்போகிறேன், வாயைத் திறந்தபடி வைக்கப்போகிறேன் என்று சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவளோ நாடாவைக் கீழே வைத்தாள்.

"வரையணும்னா வரைஞ்சுக்கோ. படத்துல என் வாய் தொறந்திருந்தா எனக்கு என்னடி ஆகப்போகுது? இந்த வாய் தொறக்கணும். வரைஞ்சு முடிச்சுட்டு, கோபம் தீந்துபோச்சுன்னு வீட்டுல போய்ப் படுத்துக்காத, ஆமா."

வழி முழுக்க அந்த வார்த்தை என்னைக் குத்திக்கொண்டே வந்தது. அவள் சொன்னது சரி. படத்தில் பழி தீர்த்துக்கொண்டு தூங்கப் போகிறவளாகத்தான் நான் இருந்தேன்.

இருந்தாலும் வரைந்தேன். என் கைக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். அக்காவின் அகலமான நெற்றி, சின்ன வயதில் வாத்து கொத்திய வலது புருவத் தழும்பு, முன்பல் இரண்டுக்கும் நடுவே உள்ள சந்து, எல்லாவற்றையும் வைத்தேன். எங்கள் தொழிலில் திறந்த வாய் என்றால் பேய்க்கும், நரகத்துக்கும், குடிகாரனுக்கும்தான். நல்லவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்பார்கள். ஒரே ஒரு இடத்தில் விதிவிலக்கு உண்டு. ஆண்டவருக்குப் புதுப்பாட்டுப் பாடுங்கள் என்ற வேதாகமச் சங்கீதத்துக்குப் பக்கத்தில், பாடுகிற சாமியார்களை வாய் திறந்தபடி வரைவோம். எத்தனையோ சாமியார் வாய்களை அப்படித் திறந்தவள் நான். அதே மாதிரி அக்காவின் வாயையும் திறந்தேன். உதட்டுக்குச் சாதிலிங்கச் சிவப்பு. அது வெடிக்காமல் பளபளவென்று இருக்க ஒரு சொட்டுத் தேன் கலந்தேன். தேன் சேர்ந்த சிவப்பு சீக்கிரம் காயாது. வெளியே மழை வேறு பிடித்துக்கொண்டது.

ஜில் உள்ளே வந்து மேசையை எட்டிப் பார்த்தார். என் புருஷன் நல்ல மனிதர், நல்ல எழுத்து, ஆனால் பூனை குறுக்கே ஓடினாலே பதறுகிறவர். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தே புரிந்துகொண்டுவிட்டார் என்று தெரிந்தது.

"மாரோய், இது ஹெல்வித்து."

"ஆமாங்க."

"வாய் வேற தொறந்திருக்கு."

"பல்லுகூடத் தெரியுதே, பாக்கலையா?"

"விளையாடாத. நம்ம தலைக்கு மேல இருக்கற கூரை அந்தாளோடது."

"கூரை அவரோடதுதாங்க. கை என்னோடதாச்சே."

அவர் முக்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். காய்ந்த பிறகு சுரண்டிவிட்டு மூடின வாயாகப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்று கெஞ்சினார். நான் தூரிகையைக் கழுவி வைத்தேன். அவருக்கு அது பதிலாகவே பட்டிருக்க வேண்டும், பெருமூச்சு விட்டார்.

கெரிக் சாமியார் வாரக் கடைசியில்தான் வருவதாக இருந்தது. ஆனால் அன்றைக்கே வந்து நின்றார். ஆயர் முன்கூட்டியே கிளம்பிவிட்டாராம், புத்தகம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். மழை சொட்டும் மேலங்கியைக் கழற்றக்கூட இல்லை, நேராக மேசைக்கு வந்தார். முதலில் வலப்பக்கத்தைப் பார்த்தார். போன வாரமே காய்ந்திருந்த தன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் அவருடைய இரட்டைத் தாடையில் ஒன்றை எடுத்துவிட்டிருந்தேன். திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம்தான் இடப்பக்கம் திரும்பினார்.

தலையாட்டல் நின்றது.

"இது யாரு?"

"சிபில், சாமி."

"நான் ஓரத்துல என்ன எழுதியிருந்தேன்?"

"வாய் மூடியிருக்கணும்னு எழுதியிருந்தீங்க."

"உனக்குப் படிக்கத் தெரியாதா?"

"படிச்சுட்டுத்தான் வரைஞ்சேன்."

ஜில் என் முழங்கையைக் கிள்ளினார். சாமியார் குனிந்து பார்த்தார். புருவத் தழும்பையும் பல் சந்தையும் பார்த்ததும் அவர் காது சிவந்தது. அந்த முகத்தைப் பிரசங்க மேடையிலிருந்து நேருக்கு நேர் பார்த்துத் தடை வாசித்தவர் அல்லவா, மறந்திருப்பாரா? கத்தியை எடு, இப்போதே சுரண்டு என்றார். மாட்டேன் என்றேன். தாழ்ந்த குரலில்தான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன். அவர் இந்த வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நினைவுபடுத்தினார். கிறிஸ்துமஸுக்குள் காலி செய்ய வைக்க முடியும் என்றார். அந்தப் பேய் பிடித்தவளை இன்றைக்கே ஊர் வாசலுக்கு வெளியே தள்ளவும் தன்னால் முடியும் என்றார்.

"அவ வாயே தொறக்கலையே சாமி. வாயத் தொறந்தது இந்தப் படம்தான். வேணும்னா இதை ஊரை விட்டுத் துரத்துங்க."

அதைக் கேட்டதும் அவர் தோலைப் பறித்தார். வேறு யார் கண்ணிலும் படுவதற்குள் அங்கிக்குள் வைத்து எடுத்துப் போய்விட நினைத்தாரோ, அடுப்பில் போட நினைத்தாரோ, தெரியாது. இரண்டு ஓரத்தையும் பிடித்து மடிக்கப் போனார். ஈரம் காயாத பக்கத்தை மடிக்கக் கூடாது என்பது எங்கள் தெருவில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கே பதறிப் போயிற்று.

"மடிக்காதீங்க சாமி. ஈரம்."

"எனக்கே உத்தரவு போடுறியா?"

வீம்புக்கு மடித்தார். மேசைமேல் வைத்து, உள்ளங்கையை விரித்து அழுத்தோ அழுத்தென்று அழுத்தினார். சிபிலின் வாயை நிரந்தரமாக மூடிவிட்ட மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நான் அவர் கைக்கு அடியிலிருந்து தோலை மெல்ல இழுத்துப் பிரித்தேன். ஒட்டிக்கொண்டிருந்த இடம் சின்னதாக ஒரு சத்தத்தோடு விட்டது. அக்காவின் உதட்டிலிருந்து ஒரு பூச்சுச் சிவப்பு போயிருந்தது, அவ்வளவுதான், இன்னொரு தரம் தொட்டால் சரியாகிவிடும். ஆனால் வலப்பக்கத்தில், இரண்டு தலையும் ஒரே மட்டத்தில் வரவேண்டும் என்று அடம்பிடித்த அந்த இடத்தில், கெரிக் சாமியாரின் மூடிய வாய்மேல் ஹெல்வித்தின் வாய் பதிந்திருந்தது. தடித்த செக்கச்செவேல் உதடு, அகலத் திறந்து. கையில் புனிதப் புத்தகம், முழங்காலுக்கடியில் பட்டு மெத்தை, முகத்தில் பெண்ணின் வாய்.

பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. ஜில். சிரிக்கக் கூடாது என்று அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும், தாடையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார், முடியவில்லை. பூனைக்குப் பயப்படுகிற என் புருஷன் முக்காலியிலிருந்து சரிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பஞ்சம் வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"இதை எடு," என்றார் சாமியார். குரல் பிசிறியது. "உடனே எடு."

நான் அணில்மயிர்த் தூரிகையை நல்ல தண்ணீரில் நனைத்துக் கையில் வைத்துக்கொண்டேன். ஆனால் பக்கத்தைத் தொடவில்லை. ஈரமாக இருக்கும்வரை துடைத்து எடுக்கலாம், காய்ந்துவிட்டால் சுரண்டத்தான் வேண்டும், சுரண்டினால் மூக்குக்குக் கீழே எல்லாம் போய்விடும் என்றேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு படக்காரர் இருக்கிறார், அவரிடம் வேண்டுமானால் கொண்டு போங்கள், ஆனால் யார் வாய் யார் வாயில் ஒட்டியது என்ற கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும் என்றேன்.

"என்ன வேணும் உனக்கு?"

"என் கையால உங்க வாயச் சரிபண்ணணும்னா, உங்க வாயால எங்க அக்காவுக்குப் போட்ட தடையை எடுக்கணும். அதே மேடையில, ஞாயித்துக்கிழம."

"ஒரு படக்காரி எனக்கு நிபந்தனை போடுறாளா?"

"நான் போடல சாமி. காயுற சாயம் போடுது."

அவர் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மனசுக்குள் நாற்காலியையும் ஆயரையும் என் அக்காவையும் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்திருப்பார். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொன்னால் பொய். இந்த மனிதர் கோபத்தில் எழுந்து போனால் இன்றைக்கே ஹெல்வித் ஊருக்கு வெளியே. தூரிகை நுனியில் தொங்கிய சொட்டு கீழே விழாதபடி கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது சன்னல் பலகையை யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டு ஆவா. தோல் பதனிடுகிறவரின் மனைவி. அவள் காதில் விழுந்த செய்தி அடுத்த மணியடிப்பதற்குள் ஊர்க்கோடிவரை போய்விடும். ஜில் சிரித்த சத்தம் அவள் வீட்டுக்குக் கேட்டிருக்கிறது.

"என்ன மாரோய், ஜில்லண்ணன் இப்படிச் சிரிக்கிறாரு? எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?"

கெரிக் சாமியார் சட்டென்று மேசைக்கும் சன்னலுக்கும் நடுவில் வந்து, அங்கியை விரித்துப் பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு அசைவில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் பயந்தது ஆயருக்கு மட்டும் இல்லை. நான் பலகையை அகலத் திறந்தேன்.

"ஒண்ணுமில்ல ஆவா, நல்ல சேதி. ஹெல்வித் மேல போட்ட தடையை சாமி எடுக்கப்போறாராம். ஞாயித்துக்கிழம மேடையிலயே சொல்றாராம். சந்தோஷம் தாங்கல எங்க வீட்டுக்காரருக்கு. நம்பலேன்னா சாமியையே கேட்டுக்கோ."

ஆவா தலையை உள்ளே நீட்டினாள். "நிசமா சாமி?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கத்தி இருந்திருந்தால் என்னை மூக்குக்குக் கீழே சுரண்டி எடுத்திருக்கும். நான் அங்கியின் ஓரமாக எட்டிப் பக்கத்தைப் பார்த்தேன், இன்னும் பளபளப்பு இருக்கிறதா என்று. இருந்தது.

"ஆமா," என்றார்.

"கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுசு தரட்டும் சாமி," என்று சொல்லிவிட்டு ஆவா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மழையிலேயே ஓடினாள். எங்கே ஓடினாள் என்று கேட்க வேண்டியதில்லை.

நான் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். நனைத்த தூரிகையால் தொட்டுத் தொட்டு, துணியில் ஒற்றி ஒற்றி, சிவப்பை எடுத்தேன். அவர் என் தலைக்குமேல் மூச்சு விட்டுக்கொண்டே நின்றார். அவருடைய பழைய மூடிய உதடு மெல்லத் திரும்பி வந்தது. சிபிலின் வாயைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய உதட்டோரத்தில், வலது பக்கம், கடுகளவு சிவப்பை மட்டும் விட்டுவைத்தேன். அவருக்குத் தெரியவில்லை. பிற்பாடு கிறிஸ்துமஸ் அன்று ஆயர் அந்தப் பக்கத்தைத் திறந்து, சிபிலைப் பார்த்து, உயிருள்ள முகம் என்று சொன்னபோதும் யாருக்கும் அது தெரியவில்லை. எனக்குத் தெரியும், அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நிற்க இடமில்லை. ஆவா தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தாள். கெரிக் சாமியார் மேடையேறி, தொண்டையில் மீன்முள் சிக்கியவர் மாதிரி, ஹெல்வித் என்ற பெகின் பெண் தாழ்மையோடு நடந்துகொண்டதால் தடை நீக்கப்படுகிறது என்று வாசித்தார். தாழ்மை என்ற சொல் வந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ செருமினார்கள். அக்கா தூணோரமாக நிமிர்ந்து நின்றாள். கோவிலை விட்டு வெளியே வந்த பிறகும் அவள் யாரோடும் பேசவில்லை. நான் கையைப் பிடித்துக் கேட்டதற்கும் சிரித்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. இவ்வளவு பாடுபட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. துவைதுறையில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள், அழுக்கே இல்லாத துணியைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். தூரத்தில் கோவில் களஞ்சியம் புது அறுவடையோடு நின்றது. அந்த வருஷமும் விளைச்சல் பாதிதான், கதவில் பூட்டும் அதே பூட்டுதான். ஆற்றுப்பக்கத்துச் சுவரை மட்டும் புதுக் கல்லால் கட்டியிருந்தார்கள். களஞ்சியத்தின் வாசலில் கெரிக் சாமியார் இரண்டு ஆட்களோடு எதையோ பேசிக்கொண்டு நின்றார். வேண்டுமென்றுதான் நின்றாரோ என்னவோ.

ஹெல்வித் கூடையோடு வந்தாள். எப்போதும் துவைக்கிற கல்லுக்கே போனாள். ஒரு விரிப்பை நனைத்து, அடித்து, முறுக்கிப் பிழிந்தாள். எல்லாக் கையும் நின்றுபோயிருந்தது. பிறகு விரிப்பைக் கல்லில் வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, களஞ்சியத்தின் பக்கம் விரலை நீட்டினாள். நான் வரைந்த பக்கத்தில் சிபில் எப்படி நீட்டியிருந்தாளோ அப்படியே.

"வடக்குச் சுவர்லயும் விரிசல் இருக்கு," என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஆற்றங்கரையில் அத்தனை தலையும் ஒன்றாகத் திரும்பியது. களஞ்சிய வாசலில் நின்ற ஆட்களும் திரும்பினார்கள். கெரிக் சாமியார் எங்களைப் பார்த்தார், வடக்குச் சுவரைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். ஆவா தன் காலிக் கூடையைக் கவிழ்த்துத் தட்டி, இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் துவைதுறையில் கூடையை இடுப்பில் வைக்காத பெண்ணே இல்லை. யாரும் ஒரு அடிகூட முன்னால் வைக்கவில்லை. சும்மா நின்றோம்.

அன்று சாயங்காலத்துக்குள் களஞ்சியத்தின் பூட்டைத் திறந்தார்கள். இந்த முறை அவர்களாகவே திறந்தார்கள்.